கடையை நெருக்கினால் துப்பாக்கி குறையுமா?

கேள்வி: அமெரிக்காவில் பெரிய துப்பாக்கிச்சூடு நடக்கும் ஒவ்வொரு முறையும் "வால்மார்ட்டைப் புறக்கணியுங்கள்", "டிக்ஸைப் பாராட்டுங்கள்" (டிக்ஸ், விளையாட்டுச் சாமான் விற்கும் கடைத்தொடர்) என்று குரல் எழுகிறது. இப்படிக் கடைகளை நெருக்கியதால் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா? எப்படி நெருக்கினால் பலிக்கும்?

மாறியிருக்கிறது. ஆனால் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வந்த மாற்றங்களுக்குப் பலன் குறைவு, யாரும் கவனிக்காத மாற்றங்களுக்கே பலன் அதிகம். பால், பனியன், டென்ட் என்று ஆயிரம் சரக்கோடு துப்பாக்கியையும் ஒரு மூலையில் விற்கிற பெருங்கடை சீக்கிரம் பணிந்துவிடும். துப்பாக்கியை மட்டுமே விற்றுப் பிழைக்கிற சின்னக் கடை பணியாது. குற்றங்களில் பிடிபடும் துப்பாக்கிகளின் பெரும்பகுதி அந்த இரண்டாவது வகைக் கடைகளில், அதிலும் நூற்றில் ஒன்றிரண்டு கடைகளில் இருந்துதான் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

முதலில், அரசை விட்டுவிட்டு ஏன் கடையைப் பிடிக்கிறார்கள்? இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-ன்படி கலெக்டரிடமோ போலீஸ் கமிஷனரிடமோ உரிமம் வாங்கிய பிறகுதான் கடைப் பக்கமே போக முடியும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் வாங்குபவருக்கு உரிமம் கிடையாது. சில மாநிலங்கள் தனியாக அனுமதி கேட்கின்றன, அவ்வளவுதான். 1968-ல் வந்த சட்டம் உரிமத்தை வியாபாரிக்குத்தான் வைத்தது. ஆகவே பல மாநிலங்களில் ஆயுதத்துக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கும் ஒரே சோதனைச் சாவடி கடையின் கல்லாதான்.

அந்தக் கல்லாவில் நடப்பது இது. வாங்குபவர் அடையாள அட்டையைக் காட்டி 4473 என்ற படிவத்தை நிரப்புவார். "இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்ற கேள்வி அதில் உண்டு. கடைக்காரர் எஃப்.பி.ஐ நடத்தும் உடனடிப் பின்னணிச் சரிபார்ப்பு அமைப்புக்கு விவரத்தைச் சொல்வார். 1998 நவம்பரில் தொடங்கிய அமைப்பு அது. சில மாநிலங்களில் மாநிலப் போலீஸ் வழியாக இது நடக்கும். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்: விற்கலாம், விற்கக்கூடாது, பொறுத்திரு. "பொறுத்திரு" என்று வந்து மூன்று வேலை நாட்களில் முடிவு வரவில்லை என்றால், கடைக்காரர் விரும்பினால் விற்றுவிடலாம். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் கைக்குத் துப்பாக்கி வந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். வயது வரம்பும் விசித்திரமானது: உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது, ரைஃபிளும் ஷாட்கன்னும் வாங்க 18 போதும்.

"விரும்பினால்" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சட்டம் வைத்திருப்பது குறைந்தபட்ச நிபந்தனை. அதற்கு மேல் கடுமையாக இருக்கக் கடைக்குப் பெரும்பாலும் தடையில்லை. பொதுமக்கள் அழுத்தம் வேலை செய்வது இந்த இடைவெளியில்தான்.

வால்மார்ட்டின் கதை இதற்கு நல்ல பாடம். 1993-ல் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. அலாஸ்காவில் மட்டும் தொடர்ந்தது. பிறகு, சரிபார்ப்பில் "விற்கலாம்" என்று பதில் வந்தால்தான் சரக்கு கைமாறும், மூன்று நாள் கணக்கு செல்லாது என்று தானாகவே விதி வைத்துக்கொண்டது. சார்ல்ஸ்டன் ஓட்டையை, அது பேர் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒரு கடை அடைத்துவிட்டது என்று சொல்லலாம். 2015-ல் ராணுவ பாணியிலான ஏஆர்-15 வகை ரைஃபிள்களைக் கைவிட்டது. காரணம் கேட்டபோது "தேவை குறைந்துவிட்டது" என்றார்கள். அதற்கு முந்தைய மாதங்களில்தான் நியூயார்க்கின் டிரினிட்டி தேவாலயம் பங்குதாரர் என்ற முறையில் இதே விஷயத்தை வைத்து வழக்காடி, கீழ்நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் தோற்றிருந்தது. கம்பெனிகள் பணிந்ததாக ஒருநாளும் சொல்லிக்கொள்ளாது. "விற்பனை சரியில்லை" என்ற ஒரு வரி எல்லா முகங்களையும் காப்பாற்றிவிடும்.

2018 பிப்ரவரி 14-ல் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 28-ல், வால்மார்ட் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வயது வரம்பை 21 ஆக்கியது. ரைஃபிள் போலத் தெரிகிற விளையாட்டுப் பொம்மைகளைக்கூடத் தன் இணையதளத்திலிருந்து எடுத்தது. 2019 ஆகஸ்ட் 3-ல் எல் பாசோவில் உள்ள வால்மார்ட் கடையே குறியானது. 23 பேர் உயிரிழந்தார்கள். செப்டம்பர் 3-ல் தலைமைச் செயல் அதிகாரி டக் மெக்மில்லன் ஊழியர்களுக்கு எழுதிய அறிவிப்பில் மூன்று விஷயங்கள் இருந்தன: கைத்துப்பாக்கித் தோட்டாவும், .223, 5.56 போன்ற ரைஃபிள் தோட்டாவும் இருப்பு தீர்ந்ததும் நிறுத்தம். அலாஸ்காவிலும் கைத்துப்பாக்கி இல்லை. துப்பாக்கியை வெளியில் தெரியும்படி செருகிக்கொண்டு கடைக்குள் வர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்கு வேண்டுகோள். நாட்டின் தோட்டாச் சந்தையில் 20 சதவீதம்போல இருந்த தன் பங்கு 6 முதல் 9 சதவீதத்துக்கு இறங்கும் என்று அந்த அறிவிப்பே கணக்குச் சொன்னது. துப்பாக்கிச் சந்தையில் தன் பங்கு சுமார் 2 சதவீதம்தான் என்று அந்தக் கோடையிலேயே சொல்லியிருந்தது. வேட்டைக்கான ரைஃபிளும் ஷாட்கன்னும் தொடர்ந்தன.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆண்டு வால்மார்ட்டிடம் கேட்க வேண்டிய சரியான கோரிக்கை தோட்டாவைப் பற்றியதுதான் என்று தெரியும். துப்பாக்கியில் 2 சதவீதம் வைத்திருக்கும் கடையிடம் போய் "துப்பாக்கியை நிறுத்து" என்பது வீம்பு. தோட்டாவில் 20 சதவீதம் வைத்திருக்கும் கடையிடம் "தோட்டாவை நிறுத்து" என்றால் அது வலிக்கும்.

டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் போன பாதை வேறு. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் உட்பட 26 பேர் கொல்லப்பட்டதும் டிக்ஸ் தன் கடைகளில் ராணுவ பாணி ரைஃபிள்களை எடுத்தது. அடுத்த ஆண்டே தன் இன்னொரு பெயர்ப்பலகையான ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம் கடைகளில் அவை திரும்பி வந்தன. இதைத்தான் நான் பெயர்ப்பலகை ஏமாற்று என்பேன். வாக்குறுதி எந்தப் பெயருக்குப் பொருந்தும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. பார்க்லேண்டுக்குப் பிறகு அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி எட் ஸ்டாக் 35 ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம் கடைகளையும் சேர்த்தே அறிவித்தார்: அந்த ரைஃபிள்கள் இனி இல்லை, அதிகத் தோட்டா கொள்ளும் மேகசின் இல்லை, 21-க்குக் கீழ் யாருக்கும் துப்பாக்கி இல்லை. பார்க்லேண்ட் கொலையாளி டிக்ஸில் ஒரு ஷாட்கன் வாங்கியிருந்தான். கொலைக்குப் பயன்பட்டது அது இல்லை. ஆனாலும் பதிவேட்டில் அந்தப் பெயரைப் பார்த்தது ஸ்டாக்கை அசைத்துவிட்டது.

இருப்பில் இருந்த ரைஃபிள்களைத் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்பினால் வேறு கடைக்குத்தான் போகும். அதனால் சுமார் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள சரக்கை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். இந்த ஒரு விவரம்தான் டிக்ஸை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது. விலையும் கொடுத்தார்கள்: விற்பனை இழப்பு சுமார் 25 கோடி டாலர் என்று ஸ்டாக்கே மதிப்பிட்டார். பழைய கடைகளின் ஒப்பீட்டு விற்பனை 2018-ல் 3.1 சதவீதம் சரிந்தது. துப்பாக்கித் தொழில் சங்கம் டிக்ஸை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி, மாஸ்பர்க் போன்ற தயாரிப்பாளர்கள் சரக்கு தர மறுத்தார்கள். பிறகு வேட்டைப் பிரிவையே முதலில் 10 கடைகளில், அடுத்து 125-ல், அதன்பின் நூற்றுக்கணக்கான கடைகளில் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அந்தந்த ஊருக்கு ஏற்ற விளையாட்டுச் சாமான்களை அடுக்கினார்கள். 2019-ல் ஒப்பீட்டு விற்பனை 3.7 சதவீதம் ஏறியது. துப்பாக்கி இருந்த சதுர அடியில் பேஸ்பால் மட்டையும் ஷூவும் அதிக லாபம் தந்தன. நல்ல மனம் ஒருபுறம் இருக்கட்டும், இந்தக் கணக்கு இல்லாவிட்டால் பங்குச் சந்தை அவரை விட்டுவைத்திருக்காது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். க்ரோகர் குழுமத்தின் ஃப்ரெட் மேயர் 2018-ல் வயதை 21 ஆக்கி, சில வாரங்களில் துப்பாக்கி வியாபாரத்திலிருந்தே விலகுவதாகச் சொன்னது. எல்.எல்.பீன் வயது வரம்பை உயர்த்தியது. துப்பாக்கியே விற்காத, மலையேற்றச் சாமான் கடைத்தொடரான ஆர்.இ.ஐ சுற்றி வளைத்து அடித்தது: சாவேஜ் ஆர்ம்ஸ் ரைஃபிள் கம்பெனியின் தாய் நிறுவனமான விஸ்டா அவுட்டோரிடம் தண்ணீர்ப் பைகளும் சைக்கிள் ஹெல்மெட்டுகளும் வாங்குவதை நிறுத்தியது. விஸ்டா அடுத்த ஆண்டு சாவேஜை 17 கோடி டாலருக்கு விற்றது. அந்தத் தொழிற்சாலை ரைஃபிள் செய்வதை நிறுத்தவில்லை. முதலாளி மாறினார், அவ்வளவே. இதற்கெல்லாம் முன்னோடி கேமார்ட். கொலம்பைன் பள்ளியில் சுடப்பட்டு, உடம்பில் குண்டுகள் தங்கியிருந்த இரண்டு மாணவர்கள் 2001-ல் அதன் தலைமையகத்துக்கே போனார்கள். அந்தத் தோட்டாக்கள் கேமார்ட்டில் வாங்கப்பட்டவை. கேமார்ட் 90 நாளில் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையை முடித்துக்கொள்வதாக அறிவித்தது.

இனி சங்கடமான பகுதி. பார்க்லேண்ட், 2022-ல் பெரிய துப்பாக்கிச்சூடு நடந்த பஃபலோ, யுவால்டே ஆகிய மூன்று இடங்களிலும் கொலைக்கருவி உள்ளூர்க் கடை வழியாக, சட்டப்படி, 18 வயதுக்காரனுக்கு விற்கப்பட்டது. எந்தப் பெருங்கடையின் அலமாரி காலியானதும் அதைத் தடுத்திருக்காது. தினசரி நடக்கும் தெருக் குற்றத்தில் நிலைமை இன்னும் தெளிவு. கூட்டாட்சி ஆயுத முகமையான ஏ.டி.எஃப் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், குற்றத்தில் பிடிபட்டு, எந்தக் கடையில் விற்றது என்று தடம்பிடிக்கப்பட்ட துப்பாக்கிகளில் 57 சதவீதம் வெறும் 1.2 சதவீத வியாபாரிகளிடம் போய் நின்றது. அதிகம் விற்கிற கடைக்கு அதிகத் தடம் வருவது இயல்புதான் என்ற வாதம் ஓரளவு சரி. ஆனால் ஒரே அளவு விற்கிற இரு கடைகளுக்கு நடுவே பெரிய வித்தியாசம் வரும்போது அந்த வாதம் ஓடாது. இதில் பார்க்க வேண்டிய அளவுகோல், கடையில் விற்ற நாளுக்கும் குற்றத்தில் பிடிபட்ட நாளுக்கும் இடையே உள்ள காலம். அது சில மாதங்களாக இருந்தால், வாங்கியவர் தனக்காக வாங்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

மில்வாக்கியை ஒட்டிய பேட்ஜர் என்ற கடையில் நடந்ததைக் கேளுங்கள். 1999-ல், குற்றத் துப்பாக்கித் தடங்களில் நாட்டிலேயே முதலிடம் இந்தக் கடைக்கு என்று செய்தி வெளியானது. வெட்கமோ பயமோ, கடைக்காரர் மலிவான சிறு கைத்துப்பாக்கிகள் விற்பதை நிறுத்தினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2006-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: அந்தக் கடையிலிருந்து குற்றவாளிகளுக்குப் போன புதிய துப்பாக்கிகள் 76 சதவீதம் குறைந்தன, நகரம் முழுக்கவே குற்றத்தில் பிடிபட்ட புதிய துப்பாக்கிகள் 44 சதவீதம் குறைந்தன. ஒரே ஒரு கடை! பிறகு 2003-ல் தியார்ட் திருத்தம் என்ற பட்ஜெட் நிபந்தனை வந்து, தடத் தரவுகளைப் பொதுமக்களுக்குத் தருவதை ஏ.டி.எஃப் நிறுத்தியது. எந்தக் கடை முதலிடம் என்று பொதுமக்கள் அறியும் வழி அடைபட்டது. அதே ஆய்வுக் குழுவின் பிந்தைய கணக்கில், அந்தக் கடையிலிருந்து விற்ற ஓராண்டுக்குள் குற்றத்துக்குப் போன துப்பாக்கிகள் 200 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தன. 2009-ல் அங்கே ஒரு பினாமி வாங்கிக் கொடுத்த துப்பாக்கியால் இரண்டு போலீஸ்காரர்கள் சுடப்பட்டார்கள். 2015-ல் நடுவர் குழு கடைக்கு ஏறக்குறைய 60 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது.

தெருவில் கோஷம் போட்ட கூட்டம் இல்லை, புறக்கணிப்பு இல்லை. ஒரு பட்டியல் வெளியானது, வேலை நடந்தது. பட்டியல் மறைந்தது, வேலையும் கெட்டது. அதனால்தான் தடத் தரவைத் திறக்கச் சொல்லும் கோரிக்கையை நான் எல்லாப் புறக்கணிப்புக்கும் மேலே வைப்பேன்.

பினாமி வாங்கல் என்றேன். இதுதான் கள்ளச் சந்தைக்கு முக்கியமான கால்வாய். குற்றப் பதிவு இல்லாத ஒருவர், பெரும்பாலும் காதலியோ நண்பனோ, படிவத்தில் கையெழுத்துப் போடுவார். துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவரும் பணம் கொடுப்பவரும் பக்கத்தில் நிற்பார். கல்லாவில் இருப்பவருக்கு அறிகுறிகள் தெரியும்: வாங்குபவருக்குத் தான் வாங்கும் மாடலின் பெயரே தெரியாது; கூட வந்தவர்தான் எல்லாக் கேள்வியும் கேட்பார்; ஒரே மாதிரிக் கைத்துப்பாக்கி இரண்டு மூன்று, ரொக்கமாக; படிவத்தை நிரப்பும்போது அடிக்கடி செல்போனைப் பார்ப்பார். ஐந்து வேலை நாட்களுக்குள் ஒரே ஆளுக்கு இரண்டு கைத்துப்பாக்கி விற்றால் கடை ஏ.டி.எஃப்-புக்குத் தனிப் படிவம் அனுப்ப வேண்டும். அதைத் தவிர்க்க ஆறாவது நாள் திரும்பி வருபவர்களும் உண்டு. 2022-ல் வந்த சட்டம் பினாமி வாங்கலைத் தனிக் குற்றமாக்கி 15 ஆண்டு வரை சிறை வைத்தது. ஆனால் வழக்கு நிற்க வேண்டுமென்றால் கல்லாவில் நடந்ததற்குச் சாட்சி வேண்டும்.

சாட்சி என்றால் கேமரா. 2008-ல் சட்டவிரோதத் துப்பாக்கிகளுக்கு எதிரான மேயர்கள் கூட்டமைப்பும் வால்மார்ட்டும் பத்து அம்ச ஒப்பந்தம் செய்தன. பத்திரிகைகள் அதைச் சீக்கிரமே மறந்துவிட்டன. அதில் இருந்தவற்றில் சில: விற்பனையை வீடியோ எடுத்துச் சேமிப்பது, முன்பு இந்தக் கடையில் விற்ற துப்பாக்கி குற்றத்தில் பிடிபட்டதா என்பதைக் கணினிப் பதிவேட்டில் வைத்து, அதே ஆள் திரும்ப வந்தால் எச்சரிப்பது, சரிபார்ப்பு முடிவு வராமல் விற்காதிருப்பது, துப்பாக்கிப் பிரிவு ஊழியர்களின் பின்னணியைச் சோதிப்பது, அடிக்கடி இருப்புக் கணக்கு எடுப்பது. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியலாம். காணாமல் போன துப்பாக்கிக்கு "திருடு போனது" என்று கணக்கு எழுதுவதுதான் கள்ளத்தனமாக விற்பதற்கு எளிய வழி. ஏ.டி.எஃப் ஆய்வாளர் வாரன்ட் இல்லாமல் ஆண்டுக்கு ஒருமுறைதான் வர முடியும்; நடைமுறையில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருக்கும் நாட்டில் அதுவே அதிகம். கடையின் கேமராவும் கணக்கும்தான் மீதி நாட்களுக்குக் காவல். கலிஃபோர்னியா 2024 முதல் கடைகளில் கேமராவைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது.

சரி, எப்படி நெருக்குவது? கோரிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், அதுவும் வெளியிலிருந்து சரிபார்க்கக்கூடியதாக. "பொறுப்பாக விற்பனை செய்" என்றால் கம்பெனி நாளைக்கே ஒப்புக்கொள்ளும், ஒன்றும் மாறாது. "மூன்று நாள் விதியைப் பயன்படுத்தாதே", "கல்லா வீடியோவை 90 நாள் வை" என்றால் ஆம் அல்லது இல்லை என்று பதில் வந்தாக வேண்டும். கேட்பவர் அந்தக் கடையின் வாடிக்கையாளராகவும் இருக்க வேண்டும். துப்பாக்கிக் கடைக்குள் ஒருநாளும் நுழையாதவர் அதைப் புறக்கணிப்பதாக அறிவித்தால் கடைக்காரருக்குச் சிரிப்புத்தான் வரும். மளிகை வாங்கும் அம்மாக்கள் வால்மார்ட்டிடம், விளையாட்டுக் குழுப் பயிற்சியாளர்கள் டிக்ஸிடம் பேசினால் அதற்கு எடை உண்டு.

பங்குதாரர் தீர்மானம் இன்னொரு வழி. 2020-ல் திருத்திய விதிப்படி 2,000 டாலர் பங்கை மூன்று ஆண்டு, அல்லது 15,000 டாலரை இரண்டு ஆண்டு, அல்லது 25,000 டாலரை ஓராண்டு வைத்திருந்தால் தீர்மானம் கொடுக்கலாம். 500 சொல்லுக்குள் இருக்க வேண்டும். முந்தைய ஆண்டு வாக்கெடுப்பு அறிக்கை வெளியான நாளின் ஓராண்டு நிறைவுக்கு 120 நாள் முன்பே கம்பெனியின் கையில் சேர வேண்டும். தவறு நடப்பது வாசகத்தில்தான். "இந்தத் துப்பாக்கியை விற்காதே" என்று எழுதினால் அது அன்றாட வியாபார முடிவு என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். "இயக்குநர் குழு ஆபத்தான சரக்குகளை மேற்பார்வையிட வேண்டும்" என்று நாசூக்காக எழுதியும் டிரினிட்டி தேவாலயம் மேல்முறையீட்டில் தோற்றது அந்தக் காரணத்தால்தான். வால்மார்ட் பங்கில் ஏறக்குறைய பாதி வால்டன் குடும்பத்திடம் இருப்பதால் தீர்மானம் வாக்கில் ஜெயிக்காது. குடும்பத்தைத் தவிர்த்த மீதிப் பங்குகளில் எத்தனை ஆதரவு என்பதைத்தான் நிர்வாகம் பார்க்கும். துப்பாக்கித் தயாரிப்பாளர்களான ஸ்டர்ம் ரூகர், அமெரிக்கன் அவுட்டோர் பிராண்ட்ஸ் (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் அன்றைய பெயர்) இரண்டிலும் 2018-ல் கத்தோலிக்கக் கன்னியர் அமைப்புகள் முன்னின்று கொண்டுவந்த தீர்மானங்கள் ஜெயிக்கவே செய்தன. கிடைத்தது ஓர் அறிக்கை. அறிக்கை வந்தது, துப்பாக்கி மாறவில்லை.

நகராட்சிக்கு ஒரு வலிமை உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள்: போலீஸுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்குவது அதுதான். ஜெர்சி சிட்டி மேயர் 2013-ல் டெண்டர் போட்டவர்களிடம், பழைய துப்பாக்கிகளை என்ன செய்கிறீர்கள், பின்னணிச் சோதனையை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேள்விப்பட்டியல் நீட்டினார். பணம் கொடுப்பவர் கேட்டால் பதில் வரும்.

எங்கே சொதப்பும் என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கி உரிமையாளர்களுக்கும் புறக்கணிக்கத் தெரியும், உங்களைவிட நன்றாகவே. 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கிளின்டன் அரசோடு ஒப்பந்தம் செய்து, தன் முகவர் கடைகளுக்கும் கட்டுப்பாடு விதிக்க ஒப்புக்கொண்டது. கடைகளும் வாடிக்கையாளர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 1987-ல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய அந்தக் கம்பெனியை பிரிட்டிஷ் முதலாளி 2001-ல் கடன் பொறுப்போடு சேர்த்து வெறும் 1.5 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டார். அதன்பின் இருபது ஆண்டுகளாக எந்தத் துப்பாக்கித் தயாரிப்பாளரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 2018-ல் டெல்டா விமான நிறுவனம், துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினர்களுக்கான சலுகையை ரத்து செய்ததும், ஜார்ஜியா சட்டமன்றம் விமான எரிபொருள் வரிச் சலுகையைத் தூக்கியது. அந்தச் சலுகையில் விற்ற டிக்கெட் மொத்தம் 13 என்று டெல்டா பிறகு சொன்னது!

சட்டமும் குறுக்கே வரும். ஒரிகனில் 18 வயது நிரம்பியவரை வயதை வைத்து வேறுபடுத்தக் கூடாது என்ற மாநிலச் சட்டம் இருந்ததால், 20 வயது இளைஞர் ஒருவர் டிக்ஸ் மீதும் வால்மார்ட் மீதும் வழக்குப் போட்டார். வயது வரம்பைக் கேட்கும் முன் அந்த மாநிலச் சட்டத்தைப் படிக்க வேண்டும். 2021-ல் டெக்சாஸ் கொண்டுவந்த சட்டப்படி, துப்பாக்கித் தொழிலுக்குப் பாரபட்சம் காட்டும் கம்பெனியோடு மாநில அரசு பெரிய ஒப்பந்தம் செய்யாது. அது குறிவைத்தது வங்கிகளை. இதற்கு எதிர்ப்பக்கத்தில், 2005-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் கடைகளையும் தயாரிப்பாளர்களையும் பெரும்பாலான இழப்பீட்டு வழக்குகளிலிருந்து காப்பாற்றுகிறது. தெரிந்தே சட்டத்தை மீறி விற்றால் அந்தக் கவசம் உடையும். மில்வாக்கியில் உடைந்தது அப்படித்தான்.

இன்னொரு பக்கவிளைவு: தடை வரப்போகிறது என்ற பேச்சே விற்பனையைக் கூட்டும். சாண்டி ஹூக் நடந்த 2012 டிசம்பரில் பின்னணிச் சரிபார்ப்புகள் 27 லட்சத்தைத் தாண்டி அதுவரை இல்லாத உச்சம் தொட்டன. ஒரு பெருங்கடை விலகினால் பக்கத்துக் கடையில் வரிசை நிற்கும்.

கடை அழுத்தம் சட்டத்துக்கு முன்னால் ஓடி, சட்டம் பின்னாலேயே வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தைப் பாருங்கள். 2019 மார்ச் 15-ல் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஹன்டிங் அண்ட் ஃபிஷிங் என்ற பெரிய கடைத்தொடர் ராணுவ பாணி அரைத்தானியங்கித் துப்பாக்கிகளைக் கைவிட்டது. டிரேட் மீ என்ற இணையச் சந்தை அரைத்தானியங்கி விளம்பரங்களை எடுத்தது. ஏப்ரல் 10-ல் நாடாளுமன்றம் 119-க்கு 1 என்று தடையை நிறைவேற்றியது. பார்க்லேண்ட் இருக்கும் ஃப்ளோரிடாவிலும் சிறிய அளவில் இது நடந்தது: டிக்ஸும் வால்மார்ட்டும் வயதை 21 ஆக்கிய பத்தாவது நாளில் மாநிலமே அதைச் சட்டமாக்கியது. சட்டம் பின்தொடராத இடங்களில் கடையின் விதி அந்தக் கடையின் வாசலோடு நின்றுவிடுகிறது.

அறிவிப்பு வந்ததும் கலைந்து போகாதீர்கள். எல்லாக் கிளைப் பெயர்களுக்கும் பொருந்துமா, இருப்புச் சரக்கு எங்கே போகும், எந்தத் தேதி முதல், யார் சரிபார்ப்பார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அறிவிப்புகள் பின்வாங்கப்படுவதும் உண்டு: 2020 அக்டோபரில் கலவர அச்சத்தால் வால்மார்ட் துப்பாக்கிகளை விற்பனைத் தளத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்தது. மறுநாளே திரும்ப வைப்பதாக அறிவித்தது. சிட்டி வங்கி 2018-ல் துப்பாக்கி விற்கும் வாடிக்கையாளர்களுக்கு விதித்த நிபந்தனைகளை 2025 ஜூனில் விலக்கிக்கொண்டது.